எடைத்தாள்

எண்ணூறு மீட்டர்தான் எங்கள் ஓடுபாதை.
ஒரு முனையில் மலை,
மறுமுனையில் பாரன்ட்ஸ் கடல்,
இடையில் நான்:
டிக்கெட் பார்ப்பவள், பெட்டி ஏற்றுபவள்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள்,
விமானம் இறங்கும் அந்தப் பத்து நிமிடம்
தீயணைப்பு உடுப்பில் விறைத்து நிற்பவள்.
ஸ்கார்விக்கில் ஒரு சம்பளத்துக்கு
நான்கு தொப்பி.

ஆஸ்லோவிலிருந்து தாள் வந்திருக்கிறது.
நிரம்பும் இருக்கை நாற்பத்தொரு சதவீதமாம்.
மாலை விமானம் தேவைதானா
என்று யோசிக்கிறார்களாம்.
கருத்துச் சொல்ல ஆறு வாரம்.
சதவீதம் சரிதான்.
நானே எண்ணி அனுப்பியது.

இன்று காலைக் கணக்கைக் கேளுங்கள்.
வடமேற்குக் காற்று, பாதையில் ஈரப்பனி.
முப்பத்தொன்பது இருக்கை உள்ள விமானம்
இருபத்திரண்டு பேரோடுதான் எழும்பும்
என்கிறார் விமானி.
மீதிப் பதினேழில்
காற்று உட்கார்ந்து போகிறது.
தாளில் அதன் பெயர் ‘காலி’.

சரக்கறையில் வைதோதாஸ்
பெட்டிகளை அடுக்கிவிட்டு நிற்கிறான்.
ஈரத்துணி போர்த்திய ராஜநண்டுகள், உயிரோடு.
நாளை மறுநாள் சியோலில்
ஏதோ ஒரு கண்ணாடித் தொட்டியில்
கால் நீட்ட வேண்டியவை.
செத்த நண்டுக்கு அங்கே விலையில்லை.
அவன் லிதுவேனியாக்காரன்.
அவனைப்போல் பதினெட்டுப் பேர் நண்டு ஆலையில்.
அவர்கள் வாடகையில் மூன்று வீடுகளில் விளக்கெரிகிறது.
அவர்கள் பிள்ளைகள் ஆறு பேர் இல்லையென்றால்
பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைவார்.
ஊரின் ஒரே டாக்சிக்காரர் ஊட்ப்யோர்ன்
வண்டியை விற்றுவிட்டு
மகளிடம் போய்விடுவதாக
வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இருநூறு கிலோ இறக்கு என்கிறார் விமானி.
எதை?

பல் மருத்துவர் ஸ்வன்ஹில்டின் கருவிப் பெட்டி.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவள்.
காற்று மாறினால்
ஊருக்கே பல்வலி.
சுகாதார நிலையத்தின் இரத்தக் குழாய்கள்.
தராசில் வைத்தால் முள் அசையாது,
கண்ணளவில் ஒன்றரைக் கிலோ என்று எழுதுவேன்.
எண்ணெய் மேடைக்குப் போகும் ஆறு பேர்,
இன்னும் தூக்கத்திலேயே நிற்பவர்கள்.
பிறகு இங்கா மாரெட்,
முப்பத்தேழாவது வாரம், மருத்துவச் சீட்டோடு.
பிரசவ அறை முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
“எடை எவ்வளவு?” என்றேன்.
“யாருடையது?” என்று சிரித்தாள்.

நண்டைத்தான் இறக்கினேன்.
பதினோரு பெட்டி.
வைதோதாஸ் ஒன்றும் பேசவில்லை.
ஒரு மூடியைத் திறந்து
உலை கொதித்ததா என்று பார்ப்பவன்போல்
உள்ளே பார்த்துவிட்டு மூடினான்.
மாலை விமானத்தில் போய்விடும் என்றேன்.
மாலை விமானம் என்னும்போதே
நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

ஐந்தாவது வாரம்
அதே மாலை விமானத்தில் இங்கா திரும்பினாள்.
படியிறங்கிய தலைகள் ஒன்பது.
எண்ணும் கருவியை ஒன்பது முறை அமுக்கினேன்.
பத்தாவது தலை
கம்பளித் தொப்பிக்குள்
தாயின் கோட்டுப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.
இரண்டு வயதுக்குக் கீழே இருக்கை கிடையாது,
இருக்கை இல்லாதவர் கணக்கில் வரமாட்டார்
என்பது விதி.
நான் விதியை மீறுகிறவள் அல்ல.

அன்றிரவு தாளை எடுத்தேன்.
‘கருத்து’ என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
டாக்சி, பள்ளி, பல்வலி
எழுதி எழுதி அடித்தேன்.
கோபுரத்தில் ஹால்வார்
ஓடுபாதை விளக்குகளை அணைத்தான்.
கடல் எது, மலை எது,
எண்ணூறு மீட்டர் எது,
ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் இதை எழுதிக் கையெழுத்திட்டேன்:

எங்களுக்குப் புதிய தராசு வேண்டும்.
இருப்பது பழையது.
ஐந்து கிலோவுக்குக் கீழே
எதை வைத்தாலும்
பூஜ்யம் காட்டுகிறது.